‘கஸின் பிரதர்’ என்றால் ஃபார்மில் என்ன எழுதுவது?

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மகப்பேறு வார்டில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: “அக்கா, பாகிஸ்தானிப் பெண்கள் கூட வந்தவரைக் காட்டி ‘கஸின் பிரதர்’ என்கிறார்கள். சிலர் கணவரையே கஸின் என்கிறார்கள். நான் என்ன எழுத வேண்டும்?”

முதலில் ஒன்று, தங்கச்சி. இந்த ஊர் இங்கிலீஷில் கஸினோடு பிரதரும் சிஸ்டரும் ஒட்டாது. அத்தை மகள், சித்தப்பா மகன் எல்லாருக்கும் வெறும் கஸின்தான். ‘பிரதர்’ என்று எழுதிவிட்டால் உடன்பிறந்தவர் என்றுதான் டாக்டர் எடுத்துக்கொள்வார்.

அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்றால், உருதுவில் உறவு அவ்வளவு நுணுக்கம். அப்பாவின் தம்பி சாச்சா, அண்ணன் தாயா, அத்தை ஃபுப்பி, தாய்மாமன் மாமூ, பெரியம்மாவும் சித்தியும் காலா. அவர்கள் பிள்ளைகளை ‘சாச்சா ஸாத் பாய்’, ‘காலா ஸாத் பெஹன்’ என்பார்கள். பாய் என்றால் சகோதரன், பெஹன் என்றால் சகோதரி. இங்கிலீஷுக்கு மாறும்போதும் அந்தச் சகோதரன் கூடவே வந்துவிடுகிறான். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? சித்தப்பா மகன் நமக்கு அண்ணனோ தம்பியோதான்.

யாரைத் தொடர்புகொள்வது என்ற இடத்தில் ‘கஸின்’ என்று எழுதினால் போதும். குழந்தையின் அப்பா இரத்த சொந்தமா என்ற கேள்விக்கு அது போதவே போதாது. பெற்றோரின் கஸினுடைய பிள்ளையையும் கஸின் என்றுதான் சொல்வார்கள். “சாச்சா கா பேட்டா? மாமூ கா பேட்டா?” என்று மெதுவாகக் கேளுங்கள். இருவருக்கும் பொதுவாக ஒரே தாத்தா பாட்டி இருந்தால் முதல் கஸின். கொள்ளுத் தாத்தா அளவில்தான் ஒன்று என்றால் இரண்டாம் கஸின். அப்பா வழித் தாத்தா தாதா, அம்மா வழித் தாத்தா நானா. ஃபுப்பி மகனைக் கட்டியவருக்குத் தன் தாதாதான் கணவருக்கு நானா! அதனால் ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சொந்தம் இருந்தால் அதுவும் அதில் தெரிந்துவிடும்.

சாச்சா மகனைக் கட்டியிருக்கிறார் என்றதும் நமக்கு முகம் மாறும். நம் வழக்கத்தில் அது அண்ணன் முறை. முகத்தில் காட்டாதீர்கள். மாமன் மகனைக் கட்டுகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். சட்டமும் இங்கே அதைத் தடுக்கவில்லை. பிராட்ஃபோர்டிலேயே பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வு, பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு நூற்றுக்கு 3 என்பது முதல் கஸின் தம்பதிகளுக்குச் சுமார் 6 ஆகிறது என்றது. அதாவது பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. அந்தத் தாய்க்கு இதைச் சொல்லும்போது இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், மொழிபெயர்க்க அந்தக் கஸினையே உட்கார வைக்காதீர்கள். அவர் முன்னால் அந்தப் பெண் எல்லாவற்றையும் பேசமாட்டார். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுமுன் எந்த மொழி என்று கேளுங்கள். இங்குள்ள பல குடும்பங்கள் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மிர்பூர் பக்கத்தவை, 1960களில் மங்ளா அணை கட்டியபோது நிலம் இழந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் வீட்டில் பேசுவது பஹாடி. உருது புரிந்தாலும், வலியையும் பயத்தையும் அவர்கள் பஹாடியில்தான் சொல்வார்கள்.