ஓநாயும் எல்க் மானும்: யெல்லோஸ்டோன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதால்தான் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எல்க் என்ற பெரிய மான்களின் மந்தை அழிந்தது என்கிறார்களே?

பதில்: அது பூங்காவின் வடக்குப் பகுதியில் உள்ள மந்தையைப் பற்றிய பேச்சு. 1994-இல் சுமார் 19,000 எல்க். 2013-இல் 4,000-க்கும் கீழே. எண்கள் சரி, ஆனால் பழி முழுவதையும் ஓநாய் தலையில் கட்ட முடியாது. 1995, 96-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டவை 31 ஓநாய்கள்தான். 1996-97 பனிக்காலத்தில் எல்க்குகள் பட்டினியால் செத்தன. கரடியும் பூமாவும் (மலைச்சிங்கம் எனும் பெரிய பூனை) பெருகின. இதற்கு மேல், பூங்காவை விட்டு வடக்கு எல்லையிலுள்ள கார்டினர் ஊர்ப்பக்கம் இறங்கும் பெண் எல்க்குகளைச் சுட ஜனவரியில் தனியாக அனுமதி வேறு. அந்த வேட்டையைப் பிற்பாடு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

கேள்வி: யார் கொன்றாலும் ஒரு மான் குறைவதுதானே?

பதில்: மந்தைக்கு அப்படி இல்லை. அங்கே ஓநாய் கொன்ற வளர்ந்த பெண் எல்க்குகளின் சராசரி வயது 14-ஐ ஒட்டியது. வேட்டையில் விழுந்தவை ஆறரை. கிழட்டு எல்க் இனி ஈனப்போவது கொஞ்சம். ஆறு வயது எல்க் இன்னும் பல ஆண்டு குட்டி போடும். ஆக, வளர்ந்த பெண் எல்க்கில் தலைக்குத் தலை பார்த்தால் துப்பாக்கியால்தான் சேதம் அதிகம். (முன்பல்லை அறுத்து, வேரில் உள்ள ஆண்டு வளையங்களை நுண்ணோக்கியில் எண்ணித்தான் வயதைச் சொல்கிறார்கள்.)

கேள்வி: குட்டிகளை?

பதில்: முதல் மாதத்தில் கரடிதான் எமன். பிறந்த குட்டி அசையாமல் படுத்துக் கிடக்கும். கரடி அந்தப் பகுதியைக் குறுக்கும் நெடுக்குமாகத் துழாவும். ஓநாய் குட்டிகளை அதிகம் பிடிப்பது பனிக்காலத்தில்.

கேள்வி: செத்துக் கிடக்கும் எல்க்கை ஓநாய்தான் கொன்றதா என்று எப்படித் தெரியும்?

பதில்: சுற்றியுள்ள தடத்தை மட்டும் நம்பாதீர்கள், செத்ததைத் தின்னவும் ஓநாய் வரும். தொண்டை, பின்தொடைப் பக்கம் தோலை உரித்துப் பாருங்கள். பல் பதிந்த இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருந்தால், கடிபட்டபோது உயிர் இருந்தது. இரத்தக்கட்டு இல்லையென்றால் பெரும்பாலும் செத்தபின் தின்றது. இலை, பனி போட்டு மூடியிருந்தால் பூமாவைச் சந்தேகியுங்கள். அடுத்து தொடை எலும்பை உடையுங்கள்: மஜ்ஜை வெள்ளையாக, மெழுகுபோல் கெட்டியாக இருந்தால் நல்ல உடம்பு. சிவந்து கூழாகிவிட்டிருந்தால் அது ஏற்கனவே பட்டினியில் இருந்த மான். மிகச் சின்னக் குட்டிகளுக்கு இந்த மஜ்ஜைச் சோதனை சரிவராது.

கேள்வி: மொன்டானாவில் வேட்டைக்குப் போகிறவர்கள் எல்க்கே கண்ணில் படவில்லை என்கிறார்களே?

பதில்: மாநிலம் முழுக்க எடுத்தால் இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் உண்டு, இடம்தான் மாறியிருக்கிறது. ஓநாய் நடமாடும்போது எல்க் வெட்டவெளியை விட்டு மரங்களுக்குள் ஒதுங்கும். வேட்டைப் பருவம் தொடங்கினால் தனியார் பண்ணைகளுக்குள் போய்விடும். அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. விமானத்திலிருந்து எண்ணுகிறவர்களுக்கும் மரத்தடி மான் தப்பும். அதனால் அந்தக் கணக்கைக் குறைந்தபட்சம் என்றே கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐடஹோ மாநிலத்தில் எல்க் குறைந்துபோன லோலோ பகுதியும் இதே கதையா?

பதில்: இல்லை. 1910 பெருந்தீக்குப் பின் தழைத்த புதர்க்காடுதான் அங்கே எல்க்கைப் பெருக்கியது. மரம் வளர்ந்து நிழல் மூட மூட எல்க்குக்குத் தீனி குறைந்து, ஓநாய் வருமுன்பே சரிவு தொடங்கிவிட்டது. மிஞ்சிய மந்தையைத் தலையெடுக்க விடாமல் வைத்திருப்பதில் ஓநாய்க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஓநாயை மட்டும் சுட்டுவிட்டு, வெளிச்சம் விழும்படி காட்டைத் திறக்காவிட்டால், பிழைக்கும் குட்டிகளுக்கு மேய்ச்சல் இருக்காது.