பைசா வித்தியாசம் கோபோலில் இல்லை, ஃப்ளோட்டில் இருக்கிறது

வணக்கம் நண்பரே. கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் இருந்த வட்டிக் கணக்கைப் பைத்தான் மொழிக்கு மாற்றியதும் மொத்தத்தில் சில பைசா இடிக்கிறது என்றும், 11 வருட கோபோல் அனுபவம் வீணோ என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் பைசாவைப் பார்ப்போம்.

பைத்தானில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். புள்ளி வைத்த எண்களைப் பைத்தான் வைக்கும் வகைதான் ஃப்ளோட். அது எண்ணை இரும முறையில் (0, 1 மட்டும் கொண்டு) வைப்பதால் 0.1 அதில் துல்லியமாக அடங்காது. கோபோலில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதைப் பிக்சர் வரியிலேயே எழுதிவிடுகிறோம், கணக்கும் பதின்ம முறையிலேயே நடக்கும். அதனால் பைத்தானிலும் பதின்ம முறையிலேயே கணக்குப் போடும் டெசிமல் மாட்யூலுக்கு மாறுங்கள். எண்ணை மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராகக் கொடுங்கள். ஃப்ளோட்டாகக் கொடுத்தால் பிழையும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று, இதில்தான் நானும் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். கோபோலில் ரவுண்டெட் என்று சொல்லாத இடத்தில் மிச்ச இலக்கம் வெட்டப்படும். பைத்தானின் ரவுண்டோ சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும்: 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். பழைய நிரலில் எந்த கம்ப்யூட் (கணக்கிடும்) வரியில் ரவுண்டெட் இருக்கிறது, எதில் இல்லை என்று வரிவரியாகக் குறித்துக்கொண்டு, டெசிமலில் இலக்கத்தைக் குறைக்கும் குவான்டைஸில் முன்னதற்கு ரவுண்ட் ஹாஃப் அப் (பாதியை மேலே ஏற்றுவது), பின்னதற்கு ரவுண்ட் டவுன் (மிச்சத்தை வெட்டுவது) கொடுங்கள்.

இந்தக் குறிப்பை உங்கள் குழுவில் வேறு யாரால் எடுக்க முடியும்? பைத்தானை மட்டும் படித்து வந்தவருக்கு அந்த வரி கண்ணிலேயே படாது. உங்கள் 11 வருடம் எங்கும் போய்விடவில்லை, நண்பரே.

ஒரே ஒரு கணக்கை எடுத்து இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இடித்தால் அந்த கம்ப்யூட் வரியை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.