மாசியில் டெல்லி போகிறவர்களின் பை, பில், பணம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டெல்லியைப் பற்றியவை. தை முடிந்து மாசி பிறந்தால், கொளுத்தும் வெயிலுக்கு முன் வடக்கே ஒரு நடை போய் வரலாம் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பலருக்கும் தோன்றிவிடுகிறது போலும். மிக்சி, கேஸ் அடுப்புக் கேள்விகளுக்கு அடுத்த முறை பதில் சொல்கிறேன்.

மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளுடன் பிப்ரவரி நடுவில் ரயிலில் டெல்லி போகிறோம். எம்.சி. ரோட்டில் ஒரு ஜாக்கெட் 2,400 ரூபாய் என்கிறார்கள். ஐந்து பேருக்கு 12,000 ரூபாய். திரும்பி வந்ததும் அவை பீரோவில் தூங்கப் போகின்றன. வாங்கலாமா?
(வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

வேண்டாம். அந்தப் பணத்துக்கு டெல்லியில் நிறைய வேலை இருக்கிறது.

டெல்லிக் குளிர் என்றதும் நம் மனத்தில் வருவது ஜனவரி முதல் வாரத்துப் பனிமூட்டம். பிப்ரவரி நடுவில் கதை வேறு. பகலில் 23, 24 டிகிரி இருக்கும். மதிய வெயிலில் நடந்தால் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள். விடியற்காலையில் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். மார்கழியில் 20 டிகிரிக்கே குல்லா தேடுகிற நமக்கு அது கடுமைதான். ஆனால் அந்தக் கடுமை காலை ஒன்பது மணி வரைக்கும், பிறகு இரவு எட்டு மணிக்கு மேலும்தான். ஆகவே கனமான ஒரு ஜாக்கெட்டைவிட, போட்டுக் கழற்றக்கூடிய மூன்று மெல்லிய உடுப்புகளே உதவும்: உள்ளே தெர்மல், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். குளிர் காது வழியாகத்தான் ஏறும் என்று உங்கள் மாமியார் சொன்னால் மறுக்காதீர்கள். காதை மூடும் குல்லாவும் இரண்டு ஜோடி காலுறையும் அவருக்கு அவசியம்.

தெர்மல், குல்லா, காலுறை, மாமியாருக்கு ஒரு கம்பளிச் சால்வை, இவ்வளவை மட்டும் இங்கேயே வாங்கிவிடுங்கள். இவை டெல்லியில் இறங்கிய பிறகு தேவைப்படுபவை அல்ல, ரயிலிலேயே தேவைப்படுபவை. சென்ட்ரலில் இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் முதல் இரவு மின்விசிறி கேட்கும். இரண்டாம் இரவு போபாலைத் தாண்டி ஜான்சி, குவாலியர் பக்கம் போகும்போது ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னல் இடுக்கு வழியாக வருகிற காற்று பிள்ளைகளைச் சுருட்டிவிடும்.

ஸ்வெட்டருக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள். ராணுவத்தில் இருந்தவர், ஐயப்பனுக்குப் பிறகு காசிக்குப் போனவர், மணாலிக்குத் தேனிலவு போன ஜோடி என்று யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் கம்பளி உடுப்பு இருக்கும். இரவல் வாங்கித் துவைத்துக் கொடுப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அப்படியும் ஜாக்கெட் வேண்டுமென்றால் டெல்லியில் வாங்குங்கள். பருவம் முடிகிற நேரம் அது. அடுத்த நவம்பர் வரை சரக்கைக் கட்டிவைத்துக் காக்க எந்தக் கடைக்காரருக்கும் விருப்பம் இருக்காது. சரோஜினி நகரும் லஜ்பத் நகரும் இதற்குப் பேர்போன சந்தைகள். இரண்டுக்கும் திங்கள்கிழமை விடுமுறை. சரோஜினி நகர் நடைபாதையில் ஏற்றுமதியில் கழித்துவிடப்பட்ட துணிகளும் கலந்திருக்கும். ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். அக்குள் தையலையும் பையின் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நடைபாதைக் கடையில் பில் கிடைக்காது, மாற்றித் தரவும் மாட்டார்கள். தொலைந்தால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையோடு அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் தம்பி டெல்லியில் 4,500 ரூபாய்க்குப் பஷ்மினா சால்வை என்று வாங்கி வந்து எனக்குக் கொடுத்தான். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினார்களாம். இரண்டு வாரத்தில் நூல் உருண்டு உருண்டு வருகிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கிறார்கள். கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. டெல்லிக்குப் போய் வழக்குப் போட முடியுமா என்ன?
(வாசகி, தண்டையார்பேட்டை)

டெல்லிக்குப் போக வேண்டாம். அதைச் சொல்வதற்கு முன் என் கதையைக் கேளுங்கள்.

பல வருடங்களுக்கு முன் டெல்லியில் ஓர் ஆட்டோக்காரர், நான் கேட்ட இடத்துக்குப் போகாமல், 'அரசு அங்கீகாரம்' என்று பலகை மாட்டிய ஒரு கடை வாசலில் கொண்டுபோய் இறக்கினார். மோதிர வித்தையை எனக்கும் காட்டினார்கள். நானும் மயங்கினேன். ராயபுரம் வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது பஸ் சீட்டுத் துணி ஆயிற்றே" என்றார். வண்ணாரப்பேட்டை துணிக்கடைகளில் நாற்பது வருடம் துணியைத் தொட்டுப் பார்த்த விரல் அது. அதற்கு மேல் முறையீடு கிடையாது.

பஷ்மினா என்பது லடாக் உயர்நிலத்துச் சாங்தாங்கி ஆட்டின் உள்ரோமம். ஓர் இழை 12 முதல் 16 மைக்ரான் வரைதான் இருக்கும். நம் தலைமுடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கனம். மோதிரத்துக்குள் நுழைவதால் அது பஷ்மினா ஆகிவிடாது. மெல்லிய விஸ்கோஸும் பட்டும் அதைவிட வழுக்கிக்கொண்டு நுழையும். ஓரத்து நூல் ஒன்றைப் பிடுங்கிக் கொளுத்தினால் கருகிய முடி வாசனை வந்து சாம்பல் பொடியாக வேண்டும். உருகி மணிபோல் உருண்டால் அது செயற்கை இழை. ஆனால் இந்தச் சோதனை சாதாரண ஆட்டுக் கம்பளியையும் தேர்ச்சி பெறவைத்துவிடும். உறுதியான அடையாளம் வேண்டுமென்றால் காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-இல் கிடைத்த புவிசார் குறியீட்டு முத்திரையைக் கேட்க வேண்டும். அந்த முத்திரை உள்ள சால்வை 4,500 ரூபாய்க்குக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: 'ஷாதூஷ்' என்று ரகசியமாக யாராவது காட்டினால் அங்கே நிற்கவே வேண்டாம். திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் ரோமம் அது. அதன் விற்பனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இனி உங்கள் வழக்கு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய வசதியைக் கொடுத்திருக்கிறது. பழைய சட்டத்தில் கடைக்காரர் இருக்கும் ஊரில்தான் புகார் கொடுக்க வேண்டும், அல்லது பிரச்சினை எழுந்த ஊரில். இப்போது புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். அதாவது தண்டையார்பேட்டையில் இருந்தபடி வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். அந்த டெல்லிக் கடைக்காரர்தான் இங்கே பதில் சொல்லியாக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாங்கியது தம்பி, உடுத்துவது நீங்கள் என்பதும் தடையில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

பில்லில் அச்சடித்த அந்த வாசகத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது இந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. நிறம் பிடிக்கவில்லை, விலை அதிகம் என்று மனம் மாறித் திருப்பிக் கொடுக்க இந்த உரிமை உதவாது.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு சொல்லில்தான். பில்லை எடுத்துப் பாருங்கள். 'பஷ்மினா சால்வை' என்று எழுதியிருக்கிறதா, வெறும் 'சால்வை' என்றா? வெறும் சால்வை என்றால், "நான் சால்வை விற்றேன், சால்வை கொடுத்தேன்" என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். போனில் பணம் செலுத்திய ரசீது, பணம் போனதற்குத்தான் சாட்சி. என்ன பொருளுக்கு என்று அது சொல்லாது. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் படமோ விலையோ அனுப்பியிருந்தால், கடையின் விளம்பர அட்டையில் 'தூய பஷ்மினா' என்று இருந்தால், உடனே பத்திரப்படுத்துங்கள். சால்வையைத் துவைக்காமல், இஸ்திரி போடாமல் உறையில் வையுங்கள். ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும்.

மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடைக்காரரிடம் பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். 4,500 ரூபாய் விஷயத்தில் பல கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவிடுவது உண்டு.

இனிப் போகிறவர்களுக்கு: கன்னாட் பிளேஸ் அருகே பாபா கரக் சிங் சாலையில் மாநில அரசுகளின் கைவினைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நம் பூம்புகாரும் அங்கே உண்டு. ஜன்பத்தில் மத்திய குடிசைத் தொழில் எம்போரியம் இருக்கிறது. பேரம் பேச முடியாது, விலை சற்றுக் கூடத்தான். ஆனால் பொருளின் பெயர் பில்லில் முழுதாக இருக்கும்.

எங்கள் பகுதி டிராவல்ஸ்காரர் டெல்லி, ஆக்ராவுக்கு ஐந்து நாள் பயணம் ஏற்பாடு செய்கிறார். வெள்ளி ஆக்ரா, திங்கள் செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்துக்கு ஆளுக்கு 150 ரூபாய் டிக்கெட் தனி. முன்பணம் கட்டலாமா?
(வாசகர், வியாசர்பாடி)

உங்கள் டிராவல்ஸ்காரர் டெல்லிக்குப் போனதே இல்லை என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. திங்கள்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் எல்லாமே மூடியிருக்கும். இப்படி ஒரு பட்டியலைத் தவறி எழுத முடியாது, முயன்றுதான் எழுத முடியும்.

அந்தத் தோட்டம், அதாவது 2023 முதல் அம்ரித் உத்யான் என்று அழைக்கப்படுவது, மாசிப் பயணத்தின் பெரிய பரிசு. பிப்ரவரி, மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். துலிப் மலர்களைப் பார்க்க வேண்டுமே. அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. இணையத்தில் பெயர் பதிவு செய்வதும் இலவசம். அந்த 150 ரூபாயைப் பட்டியலில் அடித்துவிடச் சொல்லுங்கள். அங்கும் திங்கள் விடுமுறைதான்.

திங்களை குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் ஒதுக்கி, மாலையில் ஆர்.கே.புரம் மலை மந்திர் சுவாமிநாத சுவாமியைப் பார்த்துவிட்டு வாருங்கள். திருத்திய பட்டியலைத் தேதி, கிழமையோடு டிராவல்ஸ் முத்திரை வைத்து வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். தாஜ்மகாலில் இந்தியர்களுக்கு 50 ரூபாய், உள்ளே கல்லறை மண்டபத்துக்கு மேலும் 200 ரூபாய்; 15 வயதுக்குக் கீழ் இலவசம். 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று சொன்னால் அந்த 200 சேர்ந்ததா என்று கேளுங்கள். சண்டை வருவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

டெல்லியிலிருந்து திரும்பும்போது பனிமூட்டத்தால் எங்கள் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். விமானத்தில் வந்துவிட்டோம். ஏஜென்ட் இரண்டு நாள் கழித்துப் பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தார், நிராகரித்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?
(வாசகர், திருவொற்றியூர்)

அநியாயம் உங்கள் ஏஜென்ட் செய்தது. நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணம் செய்யாமல் முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். ஆனால் டி.டி.ஆர். எனப்படும் அந்த விண்ணப்பத்தை, ரயில் உண்மையில் அந்த நிலையத்தை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பிளாட்பாரத்தில் நின்றபடி போனிலேயே செய்யலாம். நீங்கள் ஏஜென்டிடம் எப்போது சொன்னீர்கள் என்பதற்குச் செய்தி ஆதாரம் இருந்தால், இழப்பை அவரிடம் கேளுங்கள். சேவைக் குறைபாடு என்ற கணக்கில் அது வரும். ரயில்வேயோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

டெல்லி உணவகத்தில் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்தார்கள். கட்டாயம் என்றார்கள். உண்மையா?
(வாசகர், காசிமேடு)

இல்லை. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டு வேறு பில் கேளுங்கள். குடும்பத்தோடு போன இடத்தில் சண்டை வேண்டாம் என்றால், கட்டிவிட்டுப் பில்லை மடித்துப் பையில் வையுங்கள். மேலே சொன்ன 1915 இதற்கும் உண்டு. பரிமாறிய பையனுக்குக் கையில் இருபது ரூபாய் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கூடவே ஒன்று: ரயிலில் ஒரு லிட்டர் ரயில் நீர் பாட்டிலின் விலை 2025 செப்டம்பரில் 15 ரூபாயிலிருந்து 14 ஆகக் குறைக்கப்பட்டது. 20 கேட்டால் பாட்டிலில் அச்சடித்த விலையைக் காட்டுங்கள். அசையாவிட்டால் 139-க்கு அழையுங்கள். பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் சொன்னால் போதும்.