வெள்ளைக்கல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் தாத்தா சேலம் மேக்னசைட் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பாட்டியும் கொஞ்ச நாள் கல் பொறுக்கப் போனாராம். போன மாதம் அந்தச் சுண்ணாம்பு மலைப் பக்கம் போனேன். பெரிய பெரிய குழிகளும் முள்செடியும்தான் இருந்தன. அங்கே கல் இருப்பதை முதலில் கண்டுபிடித்த வெள்ளைக்காரர் யார்? கஞ்சமலை இரும்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இந்த ஊர் வரலாற்றை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

– ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

‘கொஞ்ச நாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அம்மா போன ஆடியில் இறந்ததிலிருந்து என் மனதில் ஓடுவதும் அதுதான்.

கஞ்சமலை வேறு கதை. அது இரும்புத்தாது. ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்து உருக்கிப் பார்த்தார். இன்னொரு நாள் பேசலாம். முதலில் கண்டுபிடித்த வெள்ளைக்காரர் யாராக இருந்தால் என்ன? தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் 1979இல் வந்தது, அதற்கு முன்பிருந்தே கம்பெனிகள் தோண்டிக்கொண்டிருந்தன. இதெல்லாம் காகிதத்தில் கிடைக்கும், தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சுண்ணாம்பு மலை என்று எழுதாதீர்கள். அது சுண்ணாம்பே இல்லை. தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதிவைத்தார்கள். அந்தத் தப்பை நீங்கள் தமிழாக்கிக்கொண்டு வருகிறீர்கள். எங்கள் தெருவில் அந்த மேக்னசைட் கல்லுக்குப் பெயர் வெள்ளைக்கல். கருப்பூர் பக்கம் வெள்ளக்கல்பட்டி என்று ஊரே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பூத்துவிடும். சூளையில் நன்றாக வெந்த வெள்ளைக்கல்லைப் போட்டால் சும்மா கிடக்கும். அது கால்சியம், இது மக்னீசியம். “வெத்தலைக்கு ஆகாத கல்லு” என்பாள் என் அம்மாயி. பள்ளிக்கூடம் போகாதவளுக்குத் தெரிந்தது வரைபடம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அதைவிட அதிகம் தெரியும். கரும்பச்சைப் பாறைக்குள்ளே வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடும். வெடி வைத்துப் பாறை சரிந்த பிறகு அந்தக் குவியலில் உட்கார்ந்து கல்லைப் பொறுக்குவதும், ஒட்டிக்கொண்டிருக்கும் பாறையைக் கொத்தி எடுப்பதும் பெண்களின் வேலை. நல்ல கல் உடைந்தால் உடைந்த பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும். மணலில் இருக்கிற சிலிக்கா கலந்திருந்தால் சுத்தியல் கையில் துள்ளும். அம்மா குனிந்து பார்க்கவே மாட்டாள், துள்ளிய கல் இடது பக்கம் போய் விழும். அது தப்பித்தவறி நல்ல கல்லோடு போய்விட்டால், அந்தக் கல்லில் செய்த செங்கல் உருக்காலை உலையில் சூடு தாங்காது. உருகிய எஃகின் 1,600 டிகிரிச் சூட்டைத் தடுத்து நிற்கிற சுவருக்கு முதல் பரிசோதனை என் அம்மாவின் மணிக்கட்டில் நடந்தது. ராத்திரி அவள் கட்டைவிரல் வெடிப்புக்குள் வெள்ளையாகத் தூள் அடைத்திருக்கும். ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவேன். அப்போது எனக்கு எட்டு வயது.

இருபத்திரண்டு வருடம் போனாள். நின்ற பிறகு வைப்புநிதி கேட்டு அவளோடு நானும் போனேன். ஒப்பந்தக்காரர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஆண்களுக்குப் பெயர் இருந்தது. கீழே ‘பெண் ஆள் – 14’ என்று ஒரு வரி. அந்தப் பதினாலில் அம்மா எத்தனையாவது என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் தெரிந்தவர் யாரோ கேட்டதற்கு அம்மாவே சொன்னாள், “நான் என்ன, கொஞ்ச நாள்தானே போனேன்” என்று. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபத்தைத்தான் இன்று உங்கள் மேல் காட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பாட்டி இருக்கிறாரா? கடிதத்தில் அதைக்கூட எழுதவில்லை நீங்கள். இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறுங்கள். எத்தனை வருடம் போனீர்கள் என்று நேராகக் கேட்டால் “கொஞ்ச நாள்தான் கண்ணு” என்றுதான் சொல்வார். உங்கள் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது போனாரா, அத்தை பெரியவளானபோது போனாரா, அத்தை கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவு போட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.