பாக்ஸைப் பிரிங்க, வாசிச்சுப் பாருங்க: கீபோர்டு கேள்வி-பதில்

மிக்ஸி, வாஷிங் மெஷின் பத்தி கேளுங்கன்னா இந்த வாட்டி பாதி லெட்டர் கீபோர்டு, சிந்தசைசர். நான் பன்னெண்டு வருஷம் லைட் மியூசிக்ல கீபோர்டு வாசிச்சவன்னு எப்பவோ வாய விட்டேன், அதோட வினை. சரி, இன்னிக்கு இதையே முடிச்சிடலாம்.

பாலக்கோடு: பையன் எட்டாவது. கீபோர்டு கிளாஸ் போறான். ஆன்லைன்ல 61 கீ, மைக்கு ஃப்ரீ, 3,999 ரூபா, கேள்விப்படாத கம்பெனி. மாஸ்டர் "டச் இருக்கறதா வாங்குங்க"ன்றாரு. டச் ஸ்கிரீனா அது?

டச் ஸ்கிரீன் இல்லீங்க. கீயை மெதுவா தொட்டா சத்தம் மெதுவா வரணும், ஓங்கி அடிச்சா ஓங்கி வரணும், அதான் டச். அது இல்லாததுல பூ மாதிரி தொட்டாலும் ஒண்ணுதான், மண்வெட்டியால கொத்துனாலும் ஒண்ணுதான், பையன் விரல் கெட்டுப் போகும். பெரிய கம்பெனியிலயும் ஏமாந்துடாதீங்க. யமஹாவுல இ 273-ல டச் கிடையாது, இ 373-ல உண்டு. கேசியோவுல சிடி-எஸ் 200-ல கிடையாது, 300-ல உண்டு. பாக்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும், "எல்லாம் ஒண்ணுதாங்க, நம்பர்தான் வேற"ன்னு கடையில சொல்லுவாங்க, அந்த நம்பர்லதான் விஷயமே இருக்கு. சில வருஷத்துக்கு ஒருக்கா நம்பரையும் மாத்திடறாங்க, 373 போய் 383 வந்துச்சு, அதனால நம்பரை மனப்பாடம் பண்ணாம டச் இருக்கான்னு கேட்டு, கையால அழுத்திப் பாத்து வாங்குங்க. அந்த ஃப்ரீ மைக்க வச்சு உங்க ஊர் மண்டியில தக்காளி ஏலம் கூட விட முடியாது.

ஓசூர்: பிஹ்ரிங்கர் மாடல் டி சிந்தசைசர் ஆர்டர் போட்டேன். பாக்ஸைப் பிரிச்சா கீயே இல்ல, வெறும் திருகுதான் இருக்கு. பார்ட் மிஸ்ஸிங்னு கம்ப்ளெயின்ட் பண்ணலாமா?

தம்பி, போட்டோவுல கீ இருந்துச்சா? இல்லல்ல? அது அப்படித்தான் வரும். தனியா ஒரு மிடி கீபோர்டு, அதாவது எந்தக் கீயை அழுத்துனோம்னு சிக்னல் மட்டும் அனுப்பற கீபோர்டு வாங்கி அதுல சொருகணும், ஸ்பீக்கரும் தனி. இன்னொண்ணும் சொல்லிடறேன், அதுல ஒரு நேரத்துல ஒரு நோட்டுதான் கேக்கும், மூணு நாலு நோட்டைச் சேத்து அழுத்தி கார்டு பிடிக்க முடியாது. 1970-ல வந்த மினிமூக்ன்ற சிந்தசைசரோட நகல் அது. ஒரிஜினல் அந்தக் காலத்துலயே 1,500 டாலர் பக்கம், இப்ப அந்த சத்தம் அதுல அஞ்சுல ஒரு பங்கு காசுக்குக் கிடைக்குதுன்னா சந்தோஷமான விஷயம்தான். ஆனா விலை இறங்குனதும் என்ன பொருள்னே படிக்காம பட்டனைத் தட்டுறீங்க பாருங்க, இந்த மாசத்துல இது மூணாவது லெட்டர். ஒருத்தர் மிடி கன்ட்ரோலர் வாங்கிட்டு "சத்தமே வரல, டெட் பீஸ்"னு எழுதியிருக்காரு. அதுல சத்தம் வராதுங்க, அதை சொருகற கம்ப்யூட்டர்லயோ சிந்தசைசர்லயோதான் வரும்.

கிருஷ்ணகிரி: நோ காஸ்ட் ஈஎம்ஐல வாங்கறது லாபமா?

கைக்காசு கொடுத்தா எவ்ளோ குறைப்பீங்கன்னு அதே கடையில கேட்டுட்டு, ப்ராசஸிங் ஃபீயையும் கூட்டிப் பாத்துட்டு மறுபடி எழுதுங்க.

காவேரிப்பட்டணம்: கச்சேரிக்கு ஒரு வொர்க்ஸ்டேஷன் (பாட்டையே உள்ள அமைச்சு ரெக்கார்டு பண்ற பெரிய கீபோர்டு) பாக்கறேன் ணா. எந்தக் கடையிலயும் டெமோ பீஸ் இல்ல. "மாடலைச் சொல்லுங்க, வரவச்சுத் தர்றோம், பாக்ஸைப் பிரிச்சா எடுத்துக்கணும்"ன்றாங்க. யூட்யூப் பாத்து வாங்கிடலாமா?

உக்காருங்க, இது எனக்கு ரொம்ப நாள் வயித்தெரிச்சல்.

95-ல தர்மபுரியில பஸ் ஏறி சேலத்துல ஒரு கடைக்குப் போனேன், கையில காசு பாதிதான் இருந்துச்சு. அந்த அண்ணன் மூணு கீபோர்டை வரிசையா வச்சு பிளக்கு போட்டுக் கொடுத்துட்டு அவர் பாட்டுக்கு பில்லு எழுதிட்டிருந்தாரு, நான் மத்தியானம் பூரா வாசிச்சேன், டீ வேற வந்துச்சு. கடைசியில "நீங்க கேக்கறது வேணாம், உங்க விரலுக்கு அது கனம், இதை எடுங்க"ன்னு விலை கம்மியானதைக் காட்டுனாரு. அதுதான் ஒன்பது வருஷம் ஓடுச்சு. இன்னிக்கு அந்த மாதிரி கடை எங்க இருக்கு சொல்லுங்க. கடைக்காரரை மட்டும் திட்டவும் மனசு வரல, ஒரு பீஸைப் பிரிச்சு வெளிய வச்சா அது பழசாயிடும், அடுத்த மாடல் வந்துட்டா பாதி விலைக்கும் போகாது, அது போதாதுன்னு நம்மாளுங்க ஒரு மணி நேரம் வாசிச்சுப் பாத்துட்டு கடைக்குள்ளயே நின்னு போன்ல ஆர்டர் போடறாங்க. யாருதான் பிரிப்பா?

யூட்யூப் கதைக்கு வரேன். நானும் அப்படி ஒண்ணு வாங்குனவன்தான். வீடியோல சத்தம் தேனா ஊத்துச்சு, ஹெட்போன் போட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேட்டேன். வீட்டுக்கு வந்து கை வச்சா ஒவ்வொரு கீயும் கேரம் காயின் மோதற மாதிரி டக்கு டக்குனு சத்தம், பக்கத்துல பாடுறவங்க மைக்குல அது விழுது, பாடகர் திரும்பித் திரும்பி என்னை மொறைக்கிறாரு. காரணம் என்னன்னா, அந்த வீடியோக்காரங்க கீபோர்டுலருந்து வயர் போட்டு நேரா ரெக்கார்டிங்குக்கு எடுக்கறாங்க. கீயோட சத்தம், கீயோட கனம், அதுலயே இருக்கற ஸ்பீக்கரோட லட்சணம் எதுவும் உங்க காதுக்கு வராது. ஒன்றரை வருஷத்துல பாதி விலைக்குத் தள்ளிட்டேன்.

அதனால என் கணக்கு இதுதான். பிரிச்சு வாசிக்க விடற கடை பெங்களூர்ல இருந்தாலும் சரி, சேலத்துல இருந்தாலும் சரி, ஆயிரம் ரெண்டாயிரம் கூடன்னாலும் அங்கயே வாங்குங்க, அது அவரோட கடை வாடகைக்கு நீங்க கொடுக்கற பங்கு. பிரிக்கவே மாட்டேன்றவர்கிட்ட வாங்கறதுக்கும் ஆன்லைன்ல வாங்கறதுக்கும் என்ன வித்தியாசம்? ஆன்லைனே மேல், ஆனா ரிட்டர்ன் உண்டா, இல்ல மாத்தி மட்டும்தான் தருவாங்களான்னு முன்னாடியே படிங்க. இன்னொரு வழி, உங்க பக்கத்துக் குழுவுல அதே மாடல் வச்சிருக்கறவரைத் தேடி ஒரு ரிகர்சலுக்குப் போய் உக்காருங்க, டீக்காசு உங்களுது.

பென்னாகரம்: சர்ச்சுக்கு வாங்குன கீபோர்டுல ஒன்பதாவது நாளே ரெண்டு கீ பேசல. கடையில பில்லைத் திருப்பி "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ன்ற வரியைக் காட்டறாங்க.

அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாதும்மா, கவலைப்படாதீங்க. குறையுள்ள பொருளை பில்லுல போட்ட காலத்துக்குள்ள, காலம் எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுக்க மாட்டேன்னா அது முறையற்ற வணிகம்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்கு. முதல்ல ரெண்டு கீயும் பேசாததை வீடியோ எடுங்க, அப்புறம் கடைக்கு எழுத்துல கொடுத்து நகல்ல கையெழுத்து வாங்குங்க, இல்லன்னா ரிஜிஸ்டர் தபால். மசியலைன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் போடுங்க. அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. கடை வெளியூரா இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம்.

பேர் ஊர் வேணாம்னு எழுதுனவருக்கு: இன்ஸ்டாகிராம்ல "இம்போர்ட் பீஸ், பில் இல்லாம 38,000" பாத்து ஜிபேல அனுப்பிட்டீங்க, வந்தது பழைய பீஸ், சீரியல் நம்பர் ஸ்டிக்கரை சுரண்டி எடுத்திருக்காங்க, இப்ப பேஜையே காணோம். வீட்டுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு எழுதியிருக்கீங்க.

அசிங்கம் அவனுக்குங்க, உங்களுக்கில்ல. இன்னிக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்குப் போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க, நாள் ஆக ஆக காசு கை மாறிடும். சாட், பணம் போன ஸ்கிரீன்ஷாட், கொரியர் ஒட்டுன லேபிள் எல்லாத்தையும் எடுத்து வைங்க, அட்டைப்பெட்டியைக் குப்பையில போட்டுடாதீங்க. வீட்டுலயும் சொல்லிடுங்க. நானும் 2011-ல பில் இல்லாத இம்போர்ட் வாங்குனவன்தான். அமெரிக்காவுக்குப் போக வேண்டிய 120 வோல்ட் பீஸ் அது, நம்ம ஊர் 230-ல சொருகுனேன், பட்டுனு ஒரு சத்தம், பின்னாடி ஊதுபத்தி மாதிரி புகை. சர்வீஸ் சென்டர்ல இந்திய வாரன்ட்டி இல்லன்னு கை விரிச்சுட்டாங்க. ஆறு மாசம் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல, கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு.

தேன்கனிக்கோட்டை: பழைய கேசியோவோட அடாப்டர் தொலைஞ்சு போச்சு. எல்லாம் 9 வோல்ட்தானேன்னு கடையில கிடைச்சதைப் போடலாமா?

போடாதீங்க. பழைய கேசியோ நிறையத்துக்கு பின்னுக்கு உள்பக்கம் மைனஸ், யமஹாவுக்கு உள்பக்கம் பிளஸ். கீபோர்டு பின்னாடி சின்ன வட்டமா படம் போட்டிருக்கும், அதே படமும் அதே வோல்ட்டும் அடாப்டர்லயும் இருந்தா மட்டும் சொருகுங்க.

ஊத்தங்கரை: அடுத்த வருஷம் புது மாடல் வரும்ன்றாங்க. காத்திருக்கலாமா?

ஆடிக்கு கச்சேரி புக் ஆகியிருக்கா? ஆகியிருந்தா இப்பவே வாங்குங்க. ஆகலைன்னா இருக்கறதை வச்சே வாசிங்க.