இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர் தண்ணீரை எங்கே மிச்சம் பிடிப்பது?

ஒரு லிட்டர் பாலுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று படித்ததாகவும், இரண்டு மாடு வைத்திருக்கும் உங்கள் வீட்டில் எதைக் குறைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் தாராபுரம் பக்கம். கிணறும் போரும் வற்றி வற்றி ஊறுகிற ஊர். இங்கே மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு.

அந்த ஆயிரம் லிட்டர் உலக சராசரி. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெகோனென், ஹூக்ஸ்ட்ரா இருவரும் 2012-ல் வெளியிட்ட கணக்கு. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. கால்நடைப் பொருட்களுக்கு ஆகும் தண்ணீரில் 98 சதவீதம் தீவனத்தை விளைவிக்கப் போகிறது. மாடு குடிப்பது 1 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது.

உங்கள் தோட்டத்துக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சென்ட்டில் கோ-4 அல்லது கோ-5 ரகத் தீவனப் புல் நட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் ஒரு தடவைக்கு 40,000 லிட்டர். பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் என்றால் ஒரு நாளுக்கு 4,000 லிட்டர் ஆகிறது. இரண்டு மாடும் குடிப்பது, கழுவுவது, கட்டுத்தரை அலசுவது எல்லாம் சேர்ந்தாலும் 200 லிட்டர் பக்கம்தான் வரும். அதனால் குடிதண்ணீரில் கை வைக்காதீர்கள். பாலில் 87 சதவீதம் தண்ணீர். தொட்டி காய்ந்தால் அடுத்த கறவையிலேயே தெரிந்துவிடும். தொட்டியை நிழலில் வையுங்கள், உள்ளே அவ்வப்போது சுண்ணாம்பு அடியுங்கள், பாசி பிடிக்காது. அங்கே செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் புல்லுக்காடு. வாய்க்கால் பாசனத்தை விட்டுச் சொட்டுநீருக்கு மாறினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அடுத்தது அறுப்பு. முதல் அறுப்புக்கு 75 நாள், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டு முற்றிவிடும். மாடு தோகையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலடியில் தள்ளும். குப்பைக்குப் போகிற ஒவ்வொரு தண்டுக்கும் நீங்கள் மோட்டார் ஓட்டியிருக்கிறீர்கள். புல் வெட்டும் மெஷினில் நறுக்கிப் போட்டால் இந்தச் சேதம் பெரிதும் குறையும். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது அந்த மெஷின்தான்.

அப்புறம், வயிற்றை முழுக்கப் பச்சைப் புல்லால்தான் நிரப்ப வேண்டும் என்பதில்லை. புரட்டாசி மழையில் விதைத்த சோளத்தட்டு, கடலைக்கொடி, வைக்கோல் இதெல்லாம் மழையிலோ, வேறு விளைச்சலுக்காக ஏற்கனவே பாய்ந்த தண்ணீரிலோ வந்தவை. இவற்றை வைக்கோற்போர் மாதிரி அடுக்கி வைத்து, கோடையில் புல்லைப் பாதியாக்குங்கள். வரப்பில் அகத்தி, கிளரிசிடியா, வேலிமசால் இருந்தால் புரதத்துக்குக் கவலை இல்லை. ஒரு எச்சரிக்கை: மழை தப்பி வாடிய இளம் சோளப் பயிரில் மாட்டை மேய விடவே விடாதீர்கள், நஞ்சேறி மாடு செத்துப்போகும்.

தட்டில் மக்காச்சோளத்தை முளைக்கவைத்து 'மண்ணில்லாத் தீவனம்' என்று விற்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முளைத்தபின் ஏறுகிற எடை முழுக்கத் தண்ணீர். உலர் சத்து முதலில் போட்ட தானியத்தைவிடக் குறையத்தான் செய்யும். அந்தத் தானியம் விளைய யாரோ ஒருவர் காட்டில் பாய்ந்த தண்ணீரும் கணக்கில் வர வேண்டும்.

எங்கள் பக்கம் கொரங்காடு என்று ஒரு முறை உண்டு. கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், நிழலும் மாடு தின்னக் காயும் தரும் வெள்வேல் மரமும் இருக்கும். ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். முதல் காட்டுப் புல் அதற்குள் தழைத்துவிடும். பாசனம் சொட்டுக்கூடக் கிடையாது, வானம் கொடுப்பதுதான். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்தக் காடுகளில். ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை தண்ணீர் என்று கணக்குப் போட்டால் இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் காங்கேயம் மாடு தோற்றுப்போகும், பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு ஜெயிக்கும். ஆனால் கொரங்காட்டில் பெய்த மழையில் நெல் விளையாது. ஆயிரம் அடி போரிலிருந்து இறைத்த தண்ணீரையும் அதையும் ஒரே படியால் அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தக் காடுகளை மனையாகப் பிரித்துக் கல் நடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சினைப் பிடிப்பையும் யாரும் தண்ணீரோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஒரு சினைப் பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது வர 21 நாள் ஆகும். அத்தனை நாளும் மாடு தின்றுகொண்டுதான் இருக்கும், கன்று மட்டும் தள்ளிப்போகும். காலையும் மாலையும் மாட்டைக் கவனியுங்கள், தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். தீவனப் புல்லுக்குத்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள்.