தலை நீக்கிய கொசுவில் மாட்டு இன்சுலின் ஏன் வேலை செய்யவில்லை?

ரத்தம் குடித்த ஏடிஸ் எகிப்தி பெண்கொசுக்களின் தலையை நீக்கி மாட்டு இன்சுலின் செலுத்தியும் முட்டையில் மஞ்சள் கரு சேரவில்லை, ஊசி போடாத சிலவற்றில் சேர்ந்துவிட்டது என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு சிக்கல்.

இரண்டாவதுக்குக் காரணம் அநேகமாக நேரம்தான். ரத்தம் குடித்ததும் மூளையின் நரம்புச்சுரப்பு செல்கள் ஹார்மோனை வெளியிடத் தொடங்கிவிடும். பல மணி நேரம் கழித்துத் தலையை எடுத்துப் பயனில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். வயிறு நிரம்பாதவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

முதலாவதுக்கு வருவோம்: மாட்டு இன்சுலின் கொசுவின் ஏற்பியில் (செல்லில் ஹார்மோன் ஒட்டும் புரதம்) மிகப் பலவீனமாகவே ஒட்டும். கொசுவுக்குச் சொந்தமாக 8 இன்சுலின் போன்ற பெப்டைடுகள் (ஐஎல்பி எனப்படும் சிறு புரதங்கள்) உண்டு. அவற்றில் ஐஎல்பி3 சூலகத்தை எக்டிஸ்டிராய்டு (மஞ்சள் கரு உருவாக வைக்கும் ஹார்மோன்) சுரக்கத் தூண்டும், அதுவும் பிகோமோல் அளவிலேயே. செயற்கையாகத் தயாரித்த ஐஎல்பி3 வாங்குங்கள். டைசல்பைடு பிணைப்புகள் (பெப்டைடின் வடிவத்தைத் தாங்கும் கந்தகப் பிணைப்புகள்) சரியாக அமையாத சரக்கு வீண்.

மருந்துக் குப்பி இன்சுலின் வேண்டவே வேண்டாம்: அதில் பதப்படுத்தியாகச் சேர்க்கும் கிரெசால் செல்களைப் பாதிக்கும். பெப்டைடு பொடியை 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, 0.1% ஆல்புமின் (ஒரு புரதம்) சேர்த்த உப்புக்கரைசலில் நீர்க்கச் செய்யுங்கள்; ஆல்புமின் இல்லாவிட்டால் பெப்டைடு குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கொசுவுக்கு 0.5 மைக்ரோலிட்டர் போதும். ஈரப்பதமான பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்தில் மஞ்சள் கருவின் நீளத்தை அளவிடுங்கள். வெறும் உப்புக்கரைசல் செலுத்திய குழுவும் அவசியம்.